உறை அ, உறை ஆ

உறைகளை ஒட்டியது நானில்லை.
எந்த ஊசியில் எந்த மருந்தென்று எனக்குத் தெரியாது.
அறுக்கும் டாக்டர் நிலோஃபருக்கும் தெரியாது.
மருந்தறைச் சாவி வைத்திருக்கும் ஞானாம்பிகைக்கு மட்டும் தெரியும்.
டீ வாங்கிக் கொடுத்தும் பார்த்தாயிற்று.

லிக்னோகெயின் சட்டென்று வரும், சட்டென்று கிளம்பும்.
புபிவகெயின் மெல்ல வந்து
சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கும்.
எனக்கு அப்படி இரண்டு நாத்தனார்கள்.

குடலிறக்கத்துக்குக் காலையில் வந்து
மதியம் வீடு திரும்புகிறவர்கள்.
கணினி யாரோ தப்பாய்த் தட்டியதில்
சீட்டின் தலைப்பில் 'குடலூர்' என்றிருக்கிறது.
ஒருவரும் திருத்தவில்லை, பொருத்தமாய்ப் போய்விட்டது.

மேசையில் விழித்தபடியே கிடப்பார்கள்.
"என்ன தெரியுது?" என்று நிலோஃபர் கேட்பாள்.
"யாரோ என் சட்டைப்பையில
சில்லறை தேடுற மாதிரி இருக்கு."

என் வேலை அதன் பிறகு.
மூன்றாம் மணி, ஆறாம் மணி, பன்னிரண்டாம் மணி,
மறுநாள் விடிந்ததும் ஒன்று.
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்
வலி எவ்வளவு?

எண்ணில் சொன்னவர்
செம்மண்டலத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர்தான்:
நாலு புள்ளி அஞ்சு.
படிவத்தில் புள்ளிக்கு இடமில்லை.

"முந்திரிப்பால் பட்டாக் கொப்பளிக்குமே,
அதுல பாதி" என்றார் பண்ருட்டிக்காரர்.
முதுநகர் மண்டியில் மூட்டை தூக்கும் ரஹ்மத்துல்லா,
"கெடிலம் பாலம் ஏறுற வரைக்கும் ஒண்ணுமில்லம்மா.
ஆட்டோ எறங்குச்சு பாருங்க,
அல்லா!"
ஏழு என்று எழுதினேன்.
அழித்துவிட்டு எட்டு.

அன்றைக்கே சோனங்குப்பம் தேசிங்கு.
மூன்றாம் மணி:
"ஆபரேசன் பண்ணீங்களான்னே சந்தேகமா இருக்கு."
பூஜ்யம்.
ஆறாம் மணி: சிரிப்பு, பின்னால் கடல், பூஜ்யம்.
அந்த இரண்டு வட்டங்களையும்
அழகாகப் போட்டேன். சந்தோஷமாக இருந்தது.

பன்னிரண்டாம் மணிக்குப் போனை எடுத்தது
அவர் மனைவி செங்கமலம்.
அவள் பேசுமுன்பே கேட்டுவிட்டேன்,
இழுத்து இழுத்து ஒரு கிறீச்.
எங்கள் ஸ்ட்ரெச்சரின் மூன்றாவது சக்கரம்.

"படகு வந்துச்சும்மா.
ஆள் கொறச்சலு. ஐஸ் பெட்டி ஒண்ணுக்கு
ஒரு கை குடுத்தாரு.
வலிச்சிருந்தா தூக்கியிருப்பாரா?"

தொடை வரை நீலம் பூத்து வீங்கியிருந்தது.
மூன்று இரவு படுக்க வைத்தோம்.
எட்டு வாங்கிய ரஹ்மத்துல்லாவோ
மாடிப்படி பக்கம்கூடத் திரும்பாமல்
சுவரைப் பார்த்துப் படுத்திருந்து
பத்தாம் நாள் தையல் பிரிக்க வந்தார்,
ஒரு டப்பா அல்வாவோடு.

வலி நல்லது என்று சொல்ல வரவில்லை.
சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.
என் பிரசவத்தில் அப்படி ஒருத்தி
தலைமாட்டில் நின்றாள்.

தேசிங்கின் தாளில் ஓரமாக
'ஐஸ் பெட்டி' என்று எழுதி வைத்தேன்.
புள்ளிவிவரம் பார்க்கிறவர் புதுச்சேரியிலிருந்து அழைத்தார்:
"மேடம், இது எந்தக் கட்டத்துல வரும்?"
எதிலும் வராது, சார்.
சராசரியில் அந்தப் பூஜ்யங்கள் ரொம்ப நன்றாக இருந்தன.

மார்கழியில் உறைகளைப் பிரிப்பார்களாம்.
அதுவரை, படிவத்தில் இல்லாத ஒரு வரியை
எல்லோரிடமும் சொல்லி அனுப்புகிறேன்:
வலிக்கலைன்னாலும்
வலிக்கிற மாதிரியே படுத்திருங்க.

"நடிக்கச் சொல்றீங்களா?" என்றான் நேற்று ஒரு பையன்,
வேட்டியை இறுக்கிக்கொண்டு.

ஆமாம்.
ஏழு வரைக்கும்.