எண்ணெய்ப் பதிவேடு

தீயணைக்க, மிதவையில் ஏற,
மூச்சு நின்றவனை எழுப்ப
எனக்குச் சான்றிதழ் உண்டு.
மதிச்சியம் வீட்டு பீரோவில்
நகைச்சீட்டு அட்டைக்குக் கீழே இருக்கின்றன.

கரையேறி நாற்பது நாள்.
தூக்கம் மட்டும் இன்னும்
நள்ளிரவுக் காவலில் நிற்கிறது.
எழுந்து குருவிக்காரன் சாலைப் பாலம்வரை நடப்பேன்.

நேற்று பாலத்தடியில் ஒரு கழிவுநீர் லாரி.
கதவில் பெயர்: சோணைமுத்து.
"அண்ணே, செத்த லைட்டு அடிங்களேன்."
அடித்தேன்.
குழாயை வைகைக்குள் இறக்கினான்.
அதற்கு முன் அங்கே ஓடியதும் தண்ணீர் இல்லை.

"மூட்டு லூசா இருக்கு, இன்னும் ரெண்டு சுத்து"
என்றது என் வாய்.
முறுக்கினான். ஒரு சொட்டு கசியவில்லை.
"லாரி வேலை பாத்திருக்கீகளாண்ணே?"

இயந்திர அறையிலும் நான்தான் லைட் பிடித்தேன்.
எண்ணெய்ப் பிரிப்பானைச் சுற்றிக்கொண்டு
நேரே கடலுக்கு ஒரு குழாய்.
எட்டு போல்ட். சீஃப் முறுக்கினார்.
பத்து லட்சத்தில் பதினைந்து பங்குக்கு மேல்
எண்ணெய் போகக்கூடாது.
போகவில்லை,
பதிவேட்டில்.
அடியில் என் கையெழுத்து,
சான்றிதழ்களில் இருக்கும் அதே கையெழுத்து.
துறைமுகத்தில் அதிகாரிகள் ஏறினார்கள்,
பக்கம் புரட்டினார்கள், தேநீர் நன்றாயிருக்கிறது என்றார்கள்.
குழாய் இருந்த இடத்தில்
பெயிண்ட் இன்னும் காயவில்லை.

சோணைமுத்து இருபது ரூபாய் நீட்டினான்.
"வாங்கிக்கிருங்கண்ணே, லைட்டுக்கு."
வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் வந்து பால் கணக்கு நோட்டின்
பின்பக்கத்தில் எழுதினேன்:
மணி ஒன்று பத்து.
வடக்கே ஒன்பது பாகை, ஐம்பத்தைந்து கலை.
அளவு, ஒரு லாரி.
லைட் பிடித்தவன்