முகம் கொடுக்காமல்

டிக்கோயா கிளினிக்கில் மிஸ் சொன்னது இவ்வளவுதான்:
அவன் தலையைச் சுவரில் மோதினால்
தலையணையை இடையில் வை,
முகம் கொடுக்காதே.
நிறுத்தினால் மூன்று எண்ணு. பிறகு பார்.

முதல் வாரம் கூடும் என்றும் சொன்னார்.
கூடியது.
லயத்தில் சுவர் ஒன்று, வீடு இரண்டு.
அந்தப் பக்கத்துப் பூமயில்
மாரி பிஸ்கட்டோடு ஓடிவந்தாள்:
"பெத்தவளா நீ?"
வாங்கி டின்னில் போட்டேன்.
என் கண்ணீரும் அவனுக்குக் கூலி என்பதால்
அடுப்பைப் பார்த்தபடி
முதுகால் அழுதேன்.

கொழுந்துத் துண்டின் பின்பக்கம் என் கோடுகள்:
திங்கள் நாற்பத்தொன்று, வியாழன் அறுபது.
முன்பக்கம்
பதினாறு கிலோ, அரைப்பேர்.
கணக்கப்பிள்ளையும் என் முகம் பார்ப்பதில்லை.
ஆனால் அவர் மூன்று எண்ணுவதில்லை.

பதினேழாம் நாள் மழை.
தகரத்தின் இரைச்சலில்
மோதல் நின்றதே தெரியவில்லை.
ரொட்டி கருகிய வாசத்தில்தான் திரும்பினேன்.
டிலுக்சன் தலையணையை மடியில் வைத்து
என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்,
எவ்வளவு நேரமாகவோ.

ஒன்று, என்றேன்.
இரண்டை மறந்துவிட்டேன்.