பத்து வாட்

சீட்டுக்காசு கைக்கு வந்த சனிக்கிழமை.
எழுபதாயிரம்.
காப்புறுதிக் கம்பனியில் பதினொரு வருடமாக
மற்றவர்களின் காசுக்கு வழி சொல்கிறவள் நான்;
என் காசு மட்டும்
வழி கேட்காமல் கிளம்பிவிட்டது.

பம்பலப்பிட்டிக் கடையில்
கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்றன:
சிவப்பு, கறுப்பு, உருக்கிய நெய்யின் நிறம்.
விலைத்துண்டின் மேல் விலைத்துண்டு,
அதன்மேல் இன்னொன்று.
டொலர் ஏறிய மாதங்களை
நகத்தால் உரித்து உரித்துக் கீழே இறங்கலாம் போல.
ஆக அடியில் இருந்தது எனக்குக் கட்டுகிற விலை.
"மகனுக்கா மிஸ்?"
இல்லை.
"தம்பிக்கா?"
இல்லை.
அதற்குமேல் அந்தப் பொடியனிடம்
உறவுகள் தீர்ந்துபோயின.

கொம்பனித்தெருவில், டயர்க்கடைக்கு மேலே,
துவான் இக்ராமின் அறை.
ஏழு கிற்றார்கள் கட்டிலில் படுத்திருந்தன.
ஐந்து, வெளிநாடு போனவர்கள்
பெட்டி நிறை கூடியதால் விட்டுப்போனவை.
ஒன்று விவாகரத்து.
மற்றதைப் பற்றி அவர் பேசவில்லை.
"நான் டிரம்ஸ், மிஸ்.
கிற்றார்காரன் வித்தா தனக்குப் பிடிச்சத விப்பான்.
எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

ஒன்றைத் தூக்கினேன். பாரம்,
சந்தைப் பைக்குப் பழகிய தோளுக்குப் புதிதில்லை.
கழுத்து கோணலா என்று
ஊசியில் நூல் கோக்கிறவள் போல
ஒற்றைக் கண்ணால் நீளப் பார்த்தேன்.
பன்னிரண்டாம் கட்டில் விரல் வைத்ததும்
ஒரு கம்பி மூக்கால் பேசியது.
"அது சரியாக்கலாம்" என்று சாவி எடுத்துத் திருகினார்.
பாதி சரியாயிற்று.
முதுகில், ஆணியால் கீறி, சிங்களத்தில்:
சுரங்கி, 2011.
அதையே எடுத்தேன்.

அம்ப் இரண்டு இருந்தது.
பெரியதற்குள் இருபது விதமான சத்தம்:
குகை, தேவாலயம், விண்வெளி.
என் அனெக்ஸ் பத்துக்குப் பன்னிரண்டு அடி.
விண்வெளியை எங்கே வைப்பேன்,
கோப்பை ராக்கைக்குக் கீழேயா?
சின்னதற்கு மூன்று குமிழ்,
முகத்துணியில் பூனை நகம்,
பத்து வாட்.
கிற்றாரில் மிச்சம் பிடி, அம்ப்பில் பிடிக்காதே
என்று எங்கோ வாசித்திருந்தேன்.
இரண்டிலும் பிடித்தேன்.

முப்பத்தெட்டு.
இருபத்துநாலரை.
வயர் ஆயிரத்தெண்ணூறு, அதில் மட்டும் குறைக்கமாட்டாராம்.
மிச்சம் ஐயாயிரத்து எழுநூறை
லைட் பில்லுக்கு ஒதுக்கினேன்.
அதுவும் இந்தக் கணக்கில்தானே சேரும்.

ரயிலில் எனக்கு யாரும் எழும்பவில்லை.
லீவில் போகிற ஆமிப் பொடியன் ஒருவன்
எழும்பி, கிற்றாரை இருத்தினான்.

வெள்ளவத்தை. பிளக்கைச் செருகியதும்
ம்ம்ம்ம்ம்.
நான் ஒன்றும் செய்யாமலே தொடங்கிவிட்டது,
பிரிஜ்ஜுக்குள் தேனீ அடைத்ததுபோல்.
கம்பியைத் தொட்டேன், அடங்கியது.
கையை எடுத்தேன், ம்ம்ம்.
இக்ராமுக்குக் கோல் எடுத்தேன்.
"உங்க வீட்ல எர்த் இல்ல மிஸ்.
நீங்க தொட்டா, நீங்கதான் எர்த்."
ஆறு வருட வாடகையில்
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு வாசிக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்று:
ஆறாம் கம்பி, எங்கேயும் அழுத்தாமல்.
அடித்தேன்.
கோப்பைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.
கீழ்வீட்டு மிஸிஸ் செபமாலை
தும்புத்தடியால் சீலிங்கில் இரண்டு தட்டு.
தாளம் பிசகவில்லை.

இப்போது ஒரு ஏற்பாடு.
கரையோர ரயில் கடக்கிற நாற்பது செக்கன்
ஜன்னல் கண்ணாடி தானாகவே நடுங்கும்.
அந்நேரம் குமிழை ஆறுக்குத் திருப்புவேன்;
என் சத்தம் ரயிலின் பேரில் பதிவாகும்.
மற்ற நேரமெல்லாம் ஒன்றரை.
சில இரவுகளில் வயருக்குள் வானொலி நுழைந்து
மீனவர்களுக்குக் காற்றின் வேகம் சொல்லும்.
அதை நான் துரத்துவதில்லை.

பத்தேகாலுக்கு ஒன்று வரவேண்டும்.
பிந்துகிறது.
குமிழ் ஏற்கெனவே ஆறில்.
ஆறு கம்பியையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
கல்கிசைப் பக்கம் காதை வைத்திருக்கிறேன்.