மூன்றாம் அடிக்குப் பிறகு

மருதனார்மடத்தில் நாலு வருசம்
சுருதிப்பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து
பழக்கியெடுத்த தொண்டை என்னுடையது.
எமில்டா ஒருக்கால் கேட்டாள்,
நண்டுக் கம்பனி வானால் இறங்கி
தன் கையை மணந்து பார்த்தபடி.
"நல்லாப் பாடுறீர்.
கலியாண வீட்டுக்குக் காணும்."

சொல்லித்தர அவளுக்கு நேரமில்லை.
போனில் ஒரு பதிவு அனுப்பினாள்.
பாசையூர்ச் சந்தையின் பின்பக்கம்,
ஆரோ ஐஸ் உடைக்கிற சத்தம்,
பெட்டி இழுபடுகிற சத்தம்,
அதுக்குள்ளே அவள்:

திங்கட்கிழமை வாறார் ஐயா
பைலும் பேனையுமாய் வாறார்
படலை திறக்க முந்தி வாறார்

பிறகு ஒன்றுமில்லை.
ஐந்து செக்கன். சில இடத்தில் ஏழு.
பிறகுதான் நாலாம் அடி.

ஸ்கூட்டியில் நாவற்குழிப் பாலம் தாண்டும்போது
ஹெல்மெட்டுக்குள் பாடிப் பழகினேன்.
'வாறார்' என்ற சொல்லில்
என் தொண்டை தன்பாட்டில் நெளிந்தது.
நெளியாதே என்றேன். நெளிந்தது.
கமகத்தை ஒவ்வொன்றாய்க் கழற்றி
வெறும் குரலோடு வீட்டுக்கு வர
அம்மா கேட்டா:
"தடிமனோ? கொத்தமல்லி அவிக்கட்டோ?"

அந்த இடைவெளிதான் பிடிபடவில்லை.
மூச்சு வாங்குகிறாளாக்கும்.
பதிவு அறுந்திருக்கும்.
கடைசியில் முகாரியில் சின்னதாய் ஒரு பிடி வைத்து
அதை அடைத்தேன்,
ஓட்டைக்குச் சீமெந்து பூசுகிற மாதிரி.
எமில்டா சிரித்தாள்.
"அதுக்குள்ள நீர் ஏன் பூந்தனீர்?"
விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவளுக்கு ஓவர்டைம்.
"நீர் போம்" என்றாள்.
கொழும்புத்துறையில் ஒரு வாசிகசாலை,
பிளாஸ்டிக் கதிரையில் பதின்மூன்று பெண்கள்,
மடியில் கடன் புத்தகங்கள்,
பிஸ்கட் கேட்டு அழுகிற ஒரு பிள்ளை.

பாடினேன்.
படலை திறக்க முந்தி வாறார்
நிப்பாட்டினேன்.
ஃபான் சுற்றியது.
முகாரி தொண்டைவரை வந்து நின்றது,
விழுங்கினேன்.

"எழுபத்தையாயிரம்,"
பச்சைச் சேலைக்காரி நிலத்தைப் பார்த்துச் சொன்னா.
"ரண்டு லட்சம். தோட்டை வித்தும் முடியேல்லை."
"நான் கக்கூசுக்குள்ள ஒளிச்சிருந்தனான்.
பிள்ளையைக் கொண்டு சொல்லுவிச்சனான்
அம்மா இல்லையெண்டு."
ஆரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.
பிறகு ஒருத்தி, பிந்தி,
தொகை சொல்லாமல்
புருசனின் பேரை மட்டும் சொன்னா.

நாலாம் அடி எனக்கு மறந்துபோச்சு.
ஒருத்தரும் கேட்கவில்லை.
பதின்மூன்று பேரும்
அடுத்த திங்கள் ஒரே வீட்டில் இருப்பதென்று
கதைத்துக்கொண்டிருந்தார்கள்,
ஆற்ற வீடு, எத்தனை மணி,
தேத்தண்ணிக்குச் சீனி ஆர் கொண்டுவாறது.

வெள்ளி, வானடியில் எமில்டாவிடம் சொன்னேன்:
"முழுக்கப் பாடேல்லை."
அவள் விரலிடுக்கில் இருந்த
நண்டுக் கோதொன்றைப் பிடுங்கி எறிந்தாள்.
"நானும் அதைப் பாடி
கனகாலம்."