இருவருக்கு என்று எழுதியிருந்தது

துன் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
தூண்டில் கடையில்
மூன்று கூடாரங்களை விரித்துவைத்திருந்தார்கள்.
குழல் விளக்குக்குக் கீழே, ஓடு பதித்த தரையில்,
முகவரி தவறி வந்தவை போல நின்றன.

முதலாவது சிவப்பு.
குடை மாதிரி. நடுவில் பிடித்து இழுத்தால்
டொக் என்று வீடாகிவிடும்.
உள்ளே போனேன். என் கைகள் சிவப்பு,
கடைக்கார ரூயெடி சிவப்பு,
விலைச்சீட்டும் சிவப்பு.
விலை மட்டும் கறுப்பு.

இரண்டாவது சறுக்குவண்டியோடு வருவது.
இருக்கை உண்டு, கோப்பை வைக்கக் குழி உண்டு.
முப்பத்தொரு கிலோ.
"காரில் ஏற்றிவிட்டால் பாரமே இல்லை."
என்னிடம் கார் இல்லை.
இருப்பது அரைக்கட்டண அட்டை,
காண்டெர்ஸ்டெக் வரை ரயில்,
பிறகு தொங்குபெட்டி,
பிறகு பனியில் அரைமணி நடை,
இடது முழங்காலில் தீராத ஒரு பழைய வழக்கு.

மூன்றாவது கறுப்பு. ஒன்பது கிலோ.
'இருவருக்கு' என்று பையில் எழுதியிருந்தது.
"இருவர் என்றால்
ஒருவரும் அவருடைய மேல்கோட்டும்" என்றார் ரூயெடி.
நான் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை. தகவல் சொல்லியிருக்கிறார்.

காற்றுத் துவாரத்தைக் காட்டினார்:
அடுப்பு எரியும்போது இதை மூடாதே,
குளிர் உன்னை எழுப்பிவிடும், வாயு எழுப்பாது.
பனித் திருகாணிகளை எண்ணிப் போட்டார், ஆறு.
"கூடாரத்தில் தங்கிய அனுபவம் உண்டா?"
"ஒன்பது மாதம்."
"அருமை! எங்கே?"
"அது வெள்ளைக் கூடாரம்," என்றேன். "மீன் இல்லை."
கொஞ்சம் பார்த்தார்.
பையில் இன்னும் இரண்டு திருகாணி போட்டார்.

எனக்குப் பிடிபடாதது தளம்தான்.
தேடினேன், இல்லை.
"தளம் இருந்தால் துளையை எங்கே போடுவாய்?"
இந்த நாட்டில் ஐந்து வாடகை வீடுகள் மாறியிருக்கிறேன்.
ஒப்படைக்கும் நாளில் கைவிளக்கோடு வருவாள் ஒருத்தி,
குனிந்து, தரையின் கீறல்களை எண்ணி எழுதுவாள்.
தரையே இல்லாத வீட்டில்
என்னத்தை எழுதுவாள், பார்ப்போம்.
கறுப்பை வாங்கினேன்.

சோபாவைத் தள்ளி விரித்துப் பார்க்க
யசோதினி விடவில்லை.
கீழே துணி காயும் அறைக்குக் கொண்டுபோனேன்.
மூன்றாம் மாடி திருமதி சுர்புஹன்
துவாய்க் கூடையோடு வந்தார்.
கூடாரத்தைப் பார்த்தார்.
சுவரில் தொங்கும் முறைப்பட்டியலைப் பார்த்தார்.
"செவ்வாய். உங்கள் நாள். சரிதான்"
என்றுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை.
ஏரியில் பனி முப்பத்துநான்கு சென்டிமீட்டர்.
முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நிறுத்தி
எட்டுத் திருகாணியும் இறுக்கினேன்.
உள்ளே கும்மிருட்டு, ஏமாந்துவிட்டேன் என்று நினைத்தேன்.
பிறகு துளை விழித்தது.
வெளியே ஏரி முழுவதும் விழுந்த வெளிச்சம்
பனிக்குள் இறங்கி, தண்ணீருக்கடியால் சுற்றி
என் சப்பாத்துகளுக்கு நடுவே மேலே வந்தது,
பச்சையாக.
தூண்டிலை இறக்க மறந்து
எவ்வளவு நேரம் இருந்தேனோ.

பதினொரு மணிக்குக் காற்று வலுத்தது.
யாரோ பேர்ன் ஜெர்மனில் திட்டுவது கேட்டது.
துவாரத்தால் பார்த்தேன்:
சிவப்பாக ஒன்று, குடை மாதிரி,
எவரும் உள்ளே இல்லாமல்
பாறைப் பக்கம் உருண்டு போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சிப் திறந்தது.
பனி ஒட்டிய மீசை ஒன்று.
"இடம் உண்டா?"

பையில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது.
மேல்கோட்டைக் கழற்றி வெளியே வைத்து
பறக்காமல் அதன்மேல்
துளையிடும் கருவியைக் கிடத்தினேன்.

நான்கு முழங்கால், ஒரு துளை.
அவருடைய தூண்டில் கூடாரத்தோடு போய்விட்டதாம்.
ஆகவே என்னுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
தன்னுடையது போல, நெற்றியைச் சுருக்கி.
"ஒரு சாண் மேலே தூக்கு," என்றார்.
தூக்கினேன்.
"இல்லை. அரைச் சாண்."