மாடிக்குப் போனவள்

ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறாம் நாளின் வசனத்தை
முக்கூடல் பேருந்து நிலையத்து டீக்கடையில்
கைப்பேசியிலேயே தட்டி அனுப்பினேன்.
‘நீ… நீயா?’ என்பது முதல் வரி.
‘நானேதான்’ என்பது இரண்டாவது.
நடுவில் மூன்று முகங்கள், மூன்று இடி,
ஒரு சோப்பு விளம்பரம்.
எனக்கும் வாடகை இருக்கிறது.

தொடக்கத்தில் இப்படி இல்லை.
முதல் வாரம் அவள் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
இரவுப் பணி முடிந்து வந்து
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
தூங்கும் மாமியாரைத் தாண்டிப் போவாள்.
அந்த ஒரு நடைக்கு நாலு நாள் யோசித்தேன்.
இப்போது அவள் நர்ஸ் என்பது
அவளுக்கே தெரியாது.
போன மாதம் கணவனுக்குக் காய்ச்சல் கண்டதும்
‘ஐயோ, யாராவது டாக்டரைக் கூப்பிடுங்களேன்’ என்று கதறினாள்.
எழுதியவன் நான்தான்.

கணவனும் பழைய கணவன் இல்லை.
‘இவருக்குப் பதில் இவர்’ என்று நான்கு நொடி ஓடியது,
ஊர் ஏற்றுக்கொண்டது.
தாசில்தார் மாறினால்கூட நமக்குப் பழக ஆறு மாதம் ஆகிறது.
பதினாலு மாதம் சுமந்து ஒரு பிள்ளை பெற்றாள்.
அது ஒரு வெள்ளிக்கிழமை தொட்டிலில் கிடந்தது,
திங்கட்கிழமை சீருடை போட்டு
அப்பாவைத் தேடிக் கிளம்பிவிட்டது.
வில்லி இரண்டு முறை செத்தாள்.
மூன்றாம் முறைக்கு அவளிடம் தேதி இல்லை.

சென்னையிலிருந்து ஞானதுரை பேசுவார்:
‘இன்னும் நூறு நாள் இழுங்க தம்பி, ரேட்டிங் நிக்குது.’
நிற்பதை எப்படி இழுப்பது என்று கேட்டதில்லை.
ஆற்றைப் பார்த்துக்கொண்டே சரி என்பேன்.
கார்த்திகையில் ஒரு வேகம், சித்திரையில் கணுக்கால் தண்ணீர்;
ஆனாலும் புன்னக்காயல் வந்ததும்
அது கடலுக்குள் போய்விடுகிறது,
யாரையும் கேட்காமல்.

சண்முகக்கனியக்கா பீடி சுற்றிக்கொண்டே பார்ப்பவள்.
விளம்பரம் சேர்த்து, ஒரு நாள் கதைக்கு ஐம்பது பீடி.
இடி இடித்தாலும் தட்டைவிட்டுக் கண் எடுக்கமாட்டாள்,
காதால் பார்ப்பாள்.
அன்று டீக்கடை வாசலில் மறித்தாள்:
‘ஏ தம்பி, அந்தத் தங்கச்சிப் பிள்ள எங்க?
கைப்பைய எடுத்துட்டு வாரேன்னு மாடிக்குப் போனாள்லா.
அன்னைக்கு எம் மவளுக்கு நிச்சயம்.
இப்பம் பேரன் பால்வாடிக்குப் போறான்.
அவ இன்னும் எறங்கலயே.’

கௌசிகா.
இருநூற்று மூன்றாம் நாள்.
நடிகைக்கு வேறு தொடரில் பெரிய வேடம் கிடைத்தது,
இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை.
அதன்பின் அந்த வீட்டில்
ஒருவர்கூட மாடி ஏறவில்லை என்பதை
இரவு பழைய கோப்புகளைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.
துணி காயப்போடக்கூட.
ஆயிரத்து நூற்று எண்பத்து மூன்று நாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை:
‘வெள்ளியோட முடிச்சிருங்க தம்பி,
அந்த நேரத்துக்கு டப்பிங் தொடர் வருது.’
இரண்டு கொலை, ஒரு சொத்து வழக்கு,
கிணற்றில் விழுந்த தாலி,
எல்லாம் பாக்கி கிடந்தன.
அத்தனை பேரையும் ஒரே கோயிலில் நிறுத்திக் கும்பிட வைத்தேன்.
வழக்கு வாபஸ். தாலியை நான் மறந்தே போனேன்.
கடைசியில் ஒன்று சேர்த்தேன்:
காட்சி பதினொன்று. காலி வீடு.
மாடிப்படியில் யாரோ இறங்கும் சத்தம்.
கேமரா திரும்ப வேண்டாம்.

ஏன் என்று ஞானதுரை கேட்கவில்லை.
செலவில்லாத காட்சி.

சனிக்கிழமை பீடிக்கடை வரிசையில் நின்றாள் சண்முகக்கனியக்கா.
‘பாத்தியளா?’ என்றேன்.
‘பாத்தேன். எல்லாரும் சாமி கும்பிட்டாவ.’
கழித்துப் போட்ட பீடிகளை எண்ணிக்கொண்டே சொன்னாள்:
‘பொறவு ஒரு சத்தம் கேட்டுது தம்பி,
படியெறங்குத மாரி.
யாருன்னு எந்திச்சு வெளிய வந்து பாத்தேன்.
எங்க வீட்டுக்கு ஏது மாடி.’