பாக்கி

தணிகாசலம் சார்,
உங்கள் குரல்செய்தி வந்தது.
நாலு நிமிடம்.
அதில் மூன்று நிமிடம் வெறும் மூச்சு.
பரவாயில்லை,
முதல் மாதம் எனக்கும் அப்படித்தான் போயிற்று.

போனுக்குள் பேசுகிறவளை
இப்போதைக்கு மெதுவாகவே பேச விடுங்கள்.
அவளுக்குத் தமிழ் அரைகுறை.
முத்தியால்பேட்டை என்று அவள் சொல்வதைக் கேட்டால்
அங்கேயே பிறந்த எனக்கு வழி தவறும்.
சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

பாட்டில்களுக்கு ரப்பர் பேண்டு.
தேங்காய் எண்ணெய்க்கு ஒன்று,
பினாயிலுக்கு மூன்று.
ஏன் மூன்று என்று கேட்காதீர்கள்.
அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்
என் பெஞ்சில் யாருமே உட்காரவில்லை.

கரண்ட் அடுப்பு வாங்கியிருப்பதாகச் சொன்னீர்கள்.
வழவழவென்று ஒரே கண்ணாடி,
எங்கே தொட்டாலும் எதுவும் இல்லை, இல்லையா?
நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள்.
காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று.
என்ன கலர் வேணும் என்றாள் கடைக்காரப் பெண்.
மேடாக இருந்தால் போதும் என்றேன்.

வங்கியிலிருந்து வரும் ஆறு எண்களை
ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துத்
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு
என்று அவள் நீட்டி முழக்குவதற்குள்
நேரம் முடிந்துவிடும்.
எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்ல
ஒரு வழி இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.
அந்தச் செயலி நேற்று ராத்திரி
தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
இன்று காலை தொட்ட இடமெல்லாம்
பெயரிடாத பட்டன்.
பெயரிடாத பட்டன்.
பெயரிடாத பட்டன்.
ஒன்று பணம் அனுப்பும், ஒன்று கார்டை முடக்கும்.
தொடாமல் வைத்துவிட்டு டீ போட்டேன்.

பழகிவிட்டால் வேகத்தைக் கூட்டுங்கள்.
என் போன் இப்போது பேசுவது
பக்கத்து சீட்டுக்காரருக்கு
எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கும்.
அந்தக் கடுகுக்குள்
என் அக்கா கடன் கேட்கிறாள்,
என் ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது.
பஸ்ஸே கேட்கட்டும்.
என்னுடையது என்னிடம்தான் இருக்கும்.

நோட்டுதான் சார், இன்னும் தகராறு.
நூறுக்கும் இருநூறுக்கும் நாலு மில்லிமீட்டர்.
கேமராவில் காட்டினால் சொல்கிற செயலி இருக்கிறது.
பெரிய மார்க்கெட்டில்
மீன்காரம்மா தந்த மீதியை அதில் காட்டினேன்.
"ஏம்மா செலஸ்தின்,
கள்ளநோட்டா குடுத்துட்டேன் நானு?"
அன்றிலிருந்து அவள் கொடுப்பதை
அப்படியே பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்து
அனுப்புவதற்கு முன்னால்
உங்கள் செய்தியை இன்னொரு முறை கேட்டேன்.
கடைசியில்,
அணைக்கத் தெரியாமல் நீங்கள் விட்டுவிட்ட இடத்தில்,
வாசலில் ஏதோ வண்டி பின்னால் வருகிறது.
நீங்கள் சொல்கிறீர்கள்:
"வரலாம், வரலாம்... ஹோல்டேன்!"

கடலூர் – பாண்டி, சாயங்காலம் ஆறு இருபது.
மஞ்சக்குப்பத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன்,
எனக்குப் பார்வை இருந்த கடைசி மூன்று வருடம்.
இடக்கை விரல் இடுக்குகளில்
நீளவாக்கில் மடித்த நோட்டுகள்
விசிறி மாதிரி நிற்கும் உங்களுக்கு.
ரெட்டிச்சாவடி தாண்டி பஸ்ஸில் விளக்குப் போனாலும்
கதவில் சாய்ந்தபடி
யாரையோ உள்ளே போகச் சொல்லித் திட்டிக்கொண்டே
சரியாக எண்ணிக் கொடுப்பீர்கள்.
நீங்கள் நோட்டைப் பார்த்து
நான் பார்த்ததே இல்லை.

ஆகையால்
மேலே சொன்னதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு
முதலில் நீங்கள் சொல்லுங்கள்.
எந்த இடுக்கில் பத்து?
எதில் ஐம்பது?
நூறும் இருநூறும் பக்கத்துப் பக்கத்திலா,
நடுவில் ஒரு விரல் விட்டா?

கன்னியக்கோயில் வந்ததும் தருகிறேன் என்று
சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்த
ஐந்து ரூபாயை
அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.